சிக்மா: ஒரே எழுத்து, மூன்று வடிவங்கள்

கிரேக்க வரிசையின் 18ஆம் எழுத்து சிக்மா. ஒலி 'ஸ'. பெரிய எழுத்து Σ. சிறிய எழுத்து சொல்லின் முதலிலும் நடுவிலும் σ, சொல் முடிவில் ς. சாக்ரடீஸின் பெயரைக் கிரேக்கத்தில் எழுதினால் Σ-வில் தொடங்கி ς-வில் முடியும். இயேசுவின் பெயரில் நடுவில் σ, கடைசியில் ς.

Σ எழுத, மேலே வலது முனையிலிருந்து இடப்பக்கம் கோடு இழுத்து, சரிவாக நடுவுக்கு வந்து, மறுபடி சரிவாக இடது கீழ்மூலைக்கு இறங்கி, வலப்பக்கம் கோடு இழுத்து முடியுங்கள். மூலைகள் கூர்மையாக இருக்க வேண்டும். வளைந்தால் எப்சிலன் (ε) ஆகிவிடும். σ-வின் வால் உச்சியில் படுக்கையாக வலப்பக்கம் நீளட்டும். மேலே எழுந்தால் டெல்டா (δ) என்று படிப்பார்கள். ς-வில்தான் அதிகம் தவறு வரும்: கீழே சிறு கொக்கி போதும். உயரத்தையும் கூட்டிவிட்டால் சீட்டா (ζ) தோற்றம் வந்துவிடும்.

சிக்மா பிறந்தது பினீசியரின் (செமிட்டிக் மொழி பேசிய பழங்கால மக்கள்) 'ஷின்' எழுத்திலிருந்து. பெயரின் பிறப்பில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை: 'சாமெக்' என்ற வேறொரு செமிட்டிக் எழுத்தின் பெயர் என்பார்கள் சிலர், சீறும் ஒலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்பார்கள் வேறு சிலர். கையெழுத்தில் இது பிறைபோல வளைந்த வடிவமும் பெற்றது. ரஷ்ய மொழியின் 'ஸ' எழுத்து அந்தப் பிறையிலிருந்து வந்தது. பைசாந்தியத் திருவுருவங்களில் கிறிஸ்துவின் பெயர்ச்சுருக்கத்தில் ஆங்கில 'சி' போலத் தெரிவதும் சிக்மாவே. அதை 'க' என்று படிக்காதீர்கள்.

கிரேக்க எழுத்துகள் எண்களாகவும் பயன்படும். எண்ணாகச் சிக்மாவின் மதிப்பு 200. ς போலவே தோன்றும் 'ஸ்டிக்மா' வேறு குறி, அதன் மதிப்பு 6. பழைய நூல்களில் தேதியோ அதிகார எண்ணோ படிக்கும்போது இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

கணிதத்தில் Σ-வைக் கூட்டல் குறியாக 1755இல் ஆய்லர் பயன்படுத்தினார். Σ-வின் கீழே தொடங்கும் எண், மேலே முடியும் எண், வலப்பக்கம் கூட்ட வேண்டிய உறுப்பு. 1 முதல் 4 வரை வர்க்கங்களின் கூடுதல் 1+4+9+16 = 30. முதலில் கூட்டிவிட்டுப் பிறகு வர்க்கம் எடுத்தால் 100 வரும், அது தவறு. புள்ளியியலில் சிறிய σ முழுத்தொகுதியின் திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு). தொகுதியிலிருந்து எடுத்த மாதிரிக்கு ஆங்கில 'எஸ்' எழுதுவதே வழக்கம்.

கிரேக்க விசைப்பலகையில் 'எஸ்' விசை σ தரும், 'டபிள்யூ' விசை ς தரும். பெரிய எழுத்துச் சொல்லைச் சிறியதாக மாற்றும் சில மென்பொருள்கள் கடைசியிலும் σ-வையே போட்டுவிடும், அதனால் மாற்றிய பிறகு ஒவ்வொரு சொல்லின் முடிவையும் பாருங்கள். கூட்டல் குறி ∑ கணினிக்குத் தனி எழுத்து. அதைச் சொல்லுக்குள் செருகினால் தேடலில் அந்தச் சொல் கிடைக்காமல் போகலாம்.