முதலில் பென் டிரைவ், அப்புறம் லேப்டாப்: பழைய திங்க்பேடில் லினக்ஸ் தொடங்கும் முறை

குறைந்த விலையில் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) ஓடும் லேப்டாப் வேண்டும் என்பவர்கள் முதலில் லேப்டாப்பைத் தேடி வாங்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் லினக்ஸ் போடுவது எப்படி என்று பார்க்கிறார்கள். அப்போதுதான் வைஃபை எடுக்கவில்லை, பயாஸில் (இயந்திரத்தைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில்) யாரோ போட்ட பாஸ்வேர்டு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். லினக்ஸை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டலாம். ஆகவே கடைக்காரரின் மேசையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்த இயந்திரத்தில் லினக்ஸ் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம்.

நான் இதைத் தட்டச்சு செய்வது லெனோவோவின் ஒரு பழைய திங்க்பேட் டி470 லேப்டாப்பில். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட். எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கீழே இருப்பது அந்த வகை லேப்டாப்பை மனதில் வைத்து எழுதியது, ஆனால் பெரும்பகுதி எந்தப் பழைய லேப்டாப்புக்கும் பொருந்தும்.

படி 1: பென் டிரைவைத் தயார் செய்தல்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், எனவே படங்கள் ஏதாவது இருந்தால் முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நண்பரின் விண்டோஸ் கணினியில் உட்கார்ந்து லினக்ஸ் மின்ட் தளத்துக்குப் போனால் மூன்று பதிப்புகள் இருக்கும்: சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி ராம் என்றால் சினமன். 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. மேட் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, புதியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோப்பு சுமார் 3 ஜிபி வரும்.

இறக்கிய கோப்பு சரியானதுதானா என்று பார்க்கும் வேலையைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் இணைப்பை மாற்றி, பின்வாசல் (வெளியாள் கணினிக்குள் நுழைய ரகசிய வழி) வைத்த கோப்பை இறக்கும்படி செய்துவிட்டார்கள். அதனால் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்துவிடுங்கள். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, இறக்கிய கோப்பைத் தேர்ந்தெடுத்தால், பக்கத்திலேயே சரிபார்க்கும் டிக் பொத்தான் இருக்கும். அது காட்டும் ஷா256 எண் வரிசையும் மின்ட் தளத்தில் போட்டிருக்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் எட்டு எழுத்தும் கடைசி எட்டு எழுத்தும் பார்த்தாலே எனக்குப் போதும். அப்புறம் அதே ரூஃபஸில் ஸ்டார்ட் அழுத்தினால் பென் டிரைவ் தயார்.

படி 2: எதைத் தேடுவது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸரிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஓடும். ஆகவே அலுவலகங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகளைக் கட்டுக்கட்டாகக் கழிக்கின்றன. சென்னை ரிச்சி தெருவிலும் கோவை, மதுரை கடைகளிலும் அவைதான் ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. விண்டோஸ்காரர்களுக்குப் பழசாகிப் போனது நமக்கு நல்ல சரக்கு.

ஆறா ஏழா என்று வந்தால் ஏழாம் தலைமுறையைக் கேட்டு வாங்குங்கள். வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் விபி9 வடிவத்தில் வருகின்றன. அதை விரிக்கும் முழுமையான வசதி ஏழாம் தலைமுறையின் கிராஃபிக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆறில் அந்த வேலையைப் பிராசஸர் சுமக்க வேண்டும், ஃபேன் சுற்றும், பேட்டரி கரையும். ஐ5-7200யு அல்லது ஐ5-7300யு என்று எழுதியிருந்தால் அது ஏழு. ஐ5-6300யு என்றால் ஆறு. ஐ5 என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளும் கடைக்காரரிடம் முழு எண்ணையும் கேளுங்கள்.

எட்டாம் தலைமுறை டி480 கிடைத்தால் அதற்கு நான்கு கோர்கள், நல்லதுதான். ஆனால் அதில் விண்டோஸ் 11 ஓடும் என்பதால் விலையும் ஏறியிருக்கும்.

அப்புறம் திரை. டி470 இரண்டு வகைத் திரையோடு வந்தது: 1366×768, 1920×1080. முதல் வகையை விலை குறைவு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். வேண்டாம். ராமையும் எஸ்எஸ்டியையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். திரையைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள்.

படி 3: கடையில், பணம் கொடுப்பதற்கு முன்

இந்தப் படிக்கு அரை மணி நேரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். "பென் டிரைவ் போட்டுப் பார்க்கலாமா அண்ணா?" என்று கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் சரி என்பார்கள். முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போகலாம், அதே தெருவில் நூறு கடை இருக்கிறது.

முதலில் பென் டிரைவைச் செருகாமல் இயந்திரத்தைப் போட்டு, லோகோ வந்ததும் எஃப்1 அழுத்துங்கள். பயாஸ் திறந்தால் சரி. பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே மூடி வைத்துவிடுங்கள். அது பழைய அலுவலகம் போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று சொல்வார்கள், திங்க்பேடில் அது தனிச் சிப்பில் உட்கார்ந்திருப்பதால் போகாது.

பயாஸ் திறந்தது என்றால் வெளியே வந்து, பென் டிரைவைச் செருகி, மறுபடி போட்டு எஃப்12 அழுத்துங்கள். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சிறிது நேரத்தில் மின்ட் திரை வந்துவிடும். வரவில்லை என்றால் பயாஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் செக்யூர் பூட் (Secure Boot) என்ற அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

இப்போது ஓடுவது முழுக்கப் பென் டிரைவில். லேப்டாப்பில் எதுவும் மாறவில்லை. கடைக்காரர் பதறினால் இதைச் சொல்லுங்கள். இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்:

- உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வைஃபையை இணையுங்கள். டி470-இல் பெரும்பாலும் இன்டெல் வைஃபை அட்டைதான், தானாக எடுக்கும். வேறு லேப்டாப்பாக இருந்தால் இந்த ஒரு சோதனைதான் மிக முக்கியம்.
- ஃபயர்ஃபாக்ஸில் ஒரு பாட்டு ஓட்டி, சத்தம், வெளிச்சம் கூட்டும் குறைக்கும் பொத்தான்களைத் தட்டுங்கள்.
- டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து எல்லா விசைகளையும் வரிசையாக அழுத்துங்கள். வெறும் வெள்ளைப் பக்கமாக இருக்கும்போதே திரையில் புள்ளி, கறை தெரிகிறதா என்று பாருங்கள்.
- மூடியை மூடி, ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கி எழ வேண்டும்.

அடுத்தது பேட்டரி, பேரம் பேசும் இடமும் அதுதான். மெனுவில் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று தேடித் திறங்கள். டி470-இல் உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது ஒன்று என்று இரண்டு பேட்டரி. இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்களைப் பாருங்கள்: புதிதாக இருந்தபோது எவ்வளவு மின்சாரம் பிடித்தது, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கிறது. 24 வாட்-மணி பேட்டரி இப்போது 18 காட்டினால் முக்கால்வாசி உயிர் இருக்கிறது, தாராளமாக எடுக்கலாம். 9, 10 என்று காட்டினால் திரையைக் கடைக்காரர் பக்கம் திருப்பி வையுங்கள். "பேட்டரி நல்லா நிக்கும் சார்" என்று சொன்னவரே விலையைக் குறைக்க ஆரம்பிப்பார். பின்பக்க பேட்டரியை வீட்டிலேயே இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளி மாற்றிவிடலாம். எனவே அது சோர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை, விலையில் கழித்துக்கொண்டால் போதும்.

சார்ஜரையும் மறக்காமல் அங்கேயே செருகிப் பாருங்கள்.

படி 4: நிறுவுதல்

வீட்டுக்கு வந்தபின் அதே பென் டிரைவில் போட்டு, டெஸ்க்டாப்பில் இருக்கும் நிறுவல் ஐகானை இரட்டைச் சொடுக்கு சொடுக்குங்கள். மொழியில் தமிழும் உண்டு. ஆனால் தொடக்கத்தில் ஆங்கிலமே வைத்துக்கொள்ளச் சொல்வேன். தமிழாக்கம் இன்னும் முழுமையாகவில்லை, ஏதாவது சிக்கல் வந்து இணையத்தில் தேடும்போது மெனுப் பெயர் ஆங்கிலத்தில் தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பாட்டும் வீடியோவும் ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவும் வழியைத் தேர்ந்தெடுங்கள், பழைய அலுவலகத்தின் மிச்சம் எதுவும் நமக்குத் தேவையில்லை. நேர மண்டலம் கொல்கத்தா. பெயர், பாஸ்வேர்டு. அவ்வளவுதான், ஒரு காபி குடிப்பதற்குள் முடிந்துவிடும்.

முதல் முறை உள்ளே நுழைந்ததும் வரவேற்புத் திரை வரும். அதிலிருந்து டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு நகல் எடுத்துவையுங்கள். எதையாவது கிளறி சிஸ்டம் கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப அது உதவும். அது சிஸ்டத்தைத்தான் காக்கும், உங்கள் படங்களையும் கோப்புகளையும் அல்ல. அவற்றுக்குத் தனியாக வெளி டிஸ்க் வேண்டும். அப்புறம் அப்டேட் மேனேஜர் சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொண்டு ஒரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

படி 5: தமிழ்த் தட்டச்சு

தமிழ் எழுத்து காட்டுவதில் பிரச்சினை இல்லை, எழுத்துரு கூடவே வருகிறது. தட்டச்சுக்குத்தான் சிறு வேலை.

கீபோர்டு அமைப்புகளில் தமிழ்நெட் 99 என்று ஒன்று நேரடியாகவே இருக்கும். அதைச் சேர்த்துவிட்டு, புள்ளி தானாக விழவில்லையே என்று குழம்புகிறவர்கள் நிறைய. அது விசைகளை மட்டும் மாற்றுகிறது, தமிழ்99 என்ற தட்டச்சு முறையின் தானாகப் புள்ளி வைக்கும் விதிகள் அதில் இல்லை. சரியான வழி இது: சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். பிறகு மெனுவில் இன்புட் மெதட் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்து, ஐபஸ் பிரிஃபரன்சஸில் தமிழின் கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள். விண்டோஸ் சின்னம் போட்ட விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டிப் பழகியவர்களுக்கு ஃபொனெடிக் முறையும் அதே பட்டியலில் இருக்கிறது.

தமிழ்99 தெரியாதவர்கள் இதைச் சாக்காக வைத்துக் கற்றுக்கொள்ளலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த முறை அது. உயிர் இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு. ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ந-வுக்கு அடுத்து த வந்தாலும் அப்படித்தான்: ப, ந, த, உ தட்டினால் 'பந்து'. புள்ளி விசையைத் தொடவே இல்லை, பாருங்கள்.

மின்டோடு வரும் அலுவலக மென்பொருளான லிப்ரெஆஃபிஸில் ஒரு விஷயம். நண்பர் விண்டோஸின் லதா எழுத்துருவில் அனுப்பிய வேர்டு கோப்பு இங்கே திறக்கும், படிக்கலாம். ஆனால் அந்த எழுத்துரு இல்லாததால் வேறொன்று வந்து உட்காரும், பக்கங்கள் நகர்ந்துவிடும். அச்சுக்குப் போகும் கோப்பு என்றால் பிடிஎஃப்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டிய கோப்புகள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பாமினி எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கு சொடுக்கி நிறுவினால் சரியாகிவிடும்.

பயன்படுத்திப் பார்த்ததில்

கீபோர்டு அருமை. இந்த விலையில் புதிய லேப்டாப் எதிலும் இப்படி ஒன்று கிடைக்காது. திரையின் வெளிச்சம் குறைவுதான், ஜன்னலோரம் பகலில் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கர் சுமார். சும்மா இருக்கும்போது சினமன் ஒன்று, ஒன்றரை ஜிபி ராம்தான் எடுக்கிறது என்பதால் 8 ஜிபியில் பிரவுசர், எழுத்து வேலை, பாட்டு எல்லாம் சிரமமில்லாமல் ஓடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது, அப்டேட் வந்தால் ஓரத்தில் ஒரு சின்னம் காட்டிவிட்டுப் பேசாமல் இருப்பதுதான். வேலை நடுவில் தானாக அணைந்து எழுவதில்லை.

கைரேகை சென்சார் நேரடியாக வேலை செய்யவில்லை. சில ஓடிடி தளங்கள் லினக்ஸ் பிரவுசருக்கு முழுத் தரத்தில் படம் தருவதில்லை. கேனனின் கேப்ட் (CAPT) வகை டிரைவர் கேட்கும் பழைய லேசர் பிரிண்டர் வீட்டில் இருந்தால் மல்லுக்கட்ட வேண்டிவரும், வாங்குவதற்கு முன் அந்த மாடலைத் தேடிப் பார்த்துவிடுங்கள். டேலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் வைத்துத்தான் பிழைப்பு என்றால் இந்த லேப்டாப் உங்களுக்கு இரண்டாவதாக இருக்கலாம், முதலாவதாக வேண்டாம். படிக்கும் பிள்ளைகளுக்கும், எழுதுபவர்களுக்கும், நிரல் பழகுபவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன்.

மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும். 22-க்குள்ளேயே அடுத்த சிறு பதிப்பு வரும்போது மறுபடி பென் டிரைவ் வேண்டாம். அப்டேட் மேனேஜரின் எடிட் மெனுவில் அதற்கான வரி தானாகத் தோன்றும். சொடுக்குவதற்கு முன் டைம்ஷிஃப்டில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.