தேக்கு பேஸ் கிட்டாருக்கு நிறமும் மெருகும்: யாங்கோன் ஈரத்துக்கு ஏற்ற முறை

மியான்மரில் பேஸ் கிட்டார் உடலை வீட்டிலேயே அறுத்துச் செய்பவர்களுக்கு மரத்துக்குப் பஞ்சமில்லை. தேக்கும் படாக் என்ற சிவப்பு மரமும் தாராளமாகக் கிடைக்கும். தொல்லை தொடங்குவது பெயின்ட் ஏற்றும்போதுதான். தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெய் பெயின்ட்டை ஒட்டவிடாது. யாங்கோன், மோல்மேன் பக்கத்துக் காற்றின் ஈரம் லேக்கரைக் கெடுக்கும். இந்த இரண்டையும் சமாளித்தால் மற்றதெல்லாம் பொறுமைதான்.

முதலில் பருவம். வைகாசி முதல் ஐப்பசி வரை மழை. அந்த மாதங்களில் அறுக்கலாம், செதுக்கலாம், உப்புத்தாள் போடலாம். லேக்கர் மட்டும் அடிக்க வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, லேக்கருக்குள் சிக்கிக்கொள்ளும். பால் ஊற்றியதுபோல் வெள்ளையாகப் பூத்துவிடும். தீபாவளி கழித்துத் தொடங்கினால் தைப்பூசத்துக்குள் கம்பி கட்டலாம். அந்த மாதங்களிலும் விடியற்காலையில் அடிக்காதீர்கள். பகல் 11 மணி முதல் 3 மணி வரை நல்ல நேரம். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி வையுங்கள், 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்று வேண்டாம். அதற்காக வெயிலிலும் வைக்கக் கூடாது. மேல்தோல் முதலில் காய்ந்து உள்ளே குமிழி கட்டும்.

மரம் காய்ந்ததா என்பதைச் சமையலறைத் தராசிலேயே பார்க்கலாம். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

உப்புத்தாள் 120, பிறகு 180, பிறகு 220. தேக்கில் மணல் போன்ற சிலிக்கா உண்டு, தாள் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய தாளால் தேய்த்தால் மரம் பளபளக்குமே தவிர சமமாகாது. அதன் தூசி மூக்கையும் தோலையும் அரிக்கும் என்பதால் முகமூடி அவசியம். விளிம்புகளைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் உருட்டிவிடுங்கள். கூர்மையான விளிம்பில் லேக்கர் நிற்காது, பின்னால் தேய்க்கும்போது மரம் வெளியே தெரிந்துவிடும். கடைசியாக ஈரத்துணியால் துடைத்து, எழுந்த நாரைக் காய்ந்தபின் 220-ஆல் ஒருமுறை லேசாக எடுத்துவிட வேண்டும்.

இனிமேல் செய்வதைத்தான் பலர் தவிர்த்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். வெள்ளைத் துணியில் லேக்கர் தின்னர் நனைத்து உடல் முழுவதும் துடையுங்கள். துணியில் மஞ்சள் பழுப்பாக ஏறுவது தேக்கின் எண்ணெய். துணி கிட்டத்தட்ட வெள்ளையாக வரும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைத்து, அடுத்த அரை மணிக்குள் ஷெல்லாக் (அரக்குப் பிசின்) பூசிவிட வேண்டும். விட்டுவைத்தால் உள்ளேயுள்ள எண்ணெய் மறுபடி மேலே வரும். 250 மில்லி மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் 30 கிராம் ஷெல்லாக் செதில் போட்டுக் கரைத்து, ஓரிரவு அசையாமல் வைத்து, அடியில் மெழுகு தங்கியபின் மேல்தெளிவை மட்டும் எடுங்கள். துணிப் பொட்டலத்தால் இரண்டு பூச்சு போதும். உடலில் படாக் கலந்திருந்தால் துணியால் தேய்க்காதீர்கள். அதன் சிவப்பு ஸ்பிரிட்டில் கரைந்து பக்கத்து மரத்துக்குப் பரவும். ஷெல்லாக்கைத் தூவலாக அடியுங்கள்.

தேக்கின் துளைகள் பெரியவை. கண்ணாடிபோல் வேண்டுமென்றால் துளை நிரப்பும் பட்டியை ரேகைக்குக் குறுக்காக இழுத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி ஒருமுறை செய்யுங்கள். 320-ஆல் தேய்த்து, மேலே இன்னொரு ஷெல்லாக் பூச்சு.

நெக் பாக்கெட்டை, அதாவது கழுத்து உடலில் பொருந்தும் குழியை, மறைக்கும் டேப்பால் மூடுவது கட்டாயம். அங்கே லேக்கர் ஏறினால் கழுத்து இறுக்கமாகி, அழுத்திப் பொருத்தும்போது பாக்கெட் ஓரத்திலிருந்து லேக்கர் விரிசல் விடும். கழுத்து திருகு துளை வழியாக ஒரு கட்டையைப் பொருத்திவிட்டால் பிடிக்கவும் தொங்கவிடவும் அதுவே கைப்பிடி.

உடல் ஒன்றுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் ஒரு லிட்டர், தின்னர் ஒன்றரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சரிபாதி கலந்து, தெளிப்புத் துப்பாக்கியை 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, முதலில் ஓரங்கள், பிறகு முகங்கள். ஒவ்வொரு வரியும் முந்தையதில் பாதியை மூடவேண்டும். மின்சாரம் எப்போது போகுமென்று தெரியாத ஊரில் கம்ப்ரஸர் தொட்டி நிரம்பியபின் தொடங்குங்கள். நிறம் 3 அல்லது 4 பூச்சு, மேலே நிறம் கலக்காத தெளிவு லேக்கர் 8 பூச்சு. நாளுக்கு 3 பூச்சுக்கு மேல் வேண்டாம், இடையில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். வெள்ளை பூத்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் ஈரம் குறைந்த நேரத்தில் ரிட்டார்டர் (ஆவியாவதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னரை மெலிதாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆவி தீப்பிடிக்கும். அடுப்பு, ஊதுபத்தி, ஓடும் ஜெனரேட்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. துணி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ளதே வேண்டும்.

பகானில் பாத்திரங்களுக்குப் பூசும் திட்சி என்ற மரப்பால் அரக்கு இதற்கு நேர் எதிர்: அது இறுக ஈரம் வேண்டும், அதனால்தான் அங்கே நிலவறையில் வைக்கிறார்கள். அந்தக் கருப்பின் ஆழம் எந்த லேக்கரிலும் வராது. ஆனால் பச்சையாகத் தோலில் பட்டால் தடித்துக் கொப்புளம் வரும். பழகிய கைகளிடம் விடுவதே நல்லது.

லேக்கர் வழிந்திருந்தால் ஈரத்தில் தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்தபின் சவர பிளேடின் இரு முனையிலும் டேப் ஒட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் திறந்துவைத்து, வழிந்த இடத்தை மெல்லச் சுரண்டுங்கள். டேப்பின் தடிமன் பக்கத்துப் பரப்பைக் காக்கும்.

பிறகு மூன்று நான்கு வாரம் தொங்கட்டும். மூக்கருகே வைத்தால் தின்னர் வாடை வருமானால் இன்னும் காயவில்லை. அவசரப்பட்டு மெருகேற்றினால் சில வாரத்தில் லேக்கர் சுருங்கி, துளைகள் பள்ளமாகத் தெரியும். வாடை நின்றதும் 800, 1200, 2000 தாளை சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் முடியுங்கள். திருகு துளைகளை முன்னதாக மெழுகால் அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கி மரம் உப்பி, துளையைச் சுற்றி லேக்கர் வெடிக்கும்.

கழுத்தின் பின்புறத்துக்குப் பளபளப்பு வேண்டாம், வியர்த்த கை ஒட்டும். டங் எண்ணெய் மெலிதாக 3 பூச்சு போதும். திருகு மாட்டுமுன் ஒவ்வொரு துளையின் வாயிலும் லேக்கரைக் கவுன்டர்சிங்க் பிட்டால் கையாலேயே சுற்றி எடுத்துவிடுங்கள். பிரிட்ஜின் அடியில் வரும் எர்த் கம்பி வெறும் உலோகத்தைத் தொடவேண்டும். நடுவில் லேக்கரோ டேப்போ இருந்தால் கிட்டார் கம்பியிலிருந்து கை எடுத்ததும் எடுக்காததும் ஒரே இரைச்சலாக இருக்கும். மல்டிமீட்டரை ஜாக்கின் எர்த்திலும் பிரிட்ஜிலும் வைத்துப் பார்த்துவிட்டு, அதன்பின் கம்பி கட்டுங்கள்.