கூட்டாய்வுக் குழு அமைத்தல்: வேலை தொடங்குமுன் எழுதிவைக்க வேண்டியவை

வேறு துறையினரோடும் வேறு கல்லூரியினரோடும் சேர்ந்து முதன்முறையாக ஆய்வு செய்யப் புறப்படுவோருக்கான செய்முறை இது. யார் முடிவெடுப்பது, யார் பெயர் முதலில் வருவது, தரவு யார் கையில் இருப்பது ஆகிய மூன்றையும் கூச்சப்பட்டுப் பேசாமல் விடுவதே குழுக்கள் முறிவதற்குப் பெரும் காரணம் என்பது என் கணிப்பு.

படி 1: ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதற்கு வேண்டிய திறன்களைக் குறித்துக்கொண்டு, பிறகு ஆட்களைத் தேடுங்கள். புள்ளியியல் தெரிந்தவரை வினாப்படிவம் அச்சுக்குப் போகும் முன்பே சேர்த்துவிட வேண்டும்.

படி 2: இறுதி முடிவு யாருடையது என்று தீர்மானியுங்கள். ஈர்ப்பலைகளை (விண்வெளியில் பரவும் நுண்ணிய அதிர்வுகளை) தேடிய அமெரிக்காவின் லைகோ திட்டத்தை 1980-களில் ரெய்னர் வைஸ், கிப் தோர்ன், ரொனால்டு டிரெவர் ஆகிய மூன்று இயற்பியலாளர்களும் கூட்டாக நடத்தினர்; எதற்கும் மூவரும் ஒத்துப்போக வேண்டியிருந்ததால் தொழில்நுட்ப முடிவுகள் இழுத்தடித்தன. 1987-இல் தனி இயக்குநர் ஒருவர் வந்தார். 1994-இல் பொறுப்பேற்ற பேரி பேரிஷ், கருவிகளைக் கட்டி இயக்கும் ஆய்வகத்தையும், பல பல்கலைக்கழகத்தினர் பங்கேற்கும் அறிவியல் கூட்டமைப்பையும் 1997-இல் தனித்தனியாக அமைத்தார். ஐந்து பேர் குழுவுக்கும் இந்தப் பிரிவினை பொருந்தும்: கருத்துச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, செலவுக்கும் காலக்கெடுவுக்கும் ஒருவரே பொறுப்பு.

படி 3: கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிவையுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகள் விதிக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவுத் திரட்டலிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியோ அதன் கருத்துகளை ஆராய்ந்து திருத்தியோ இருத்தல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். நிதி பெற்றுத் தந்தது மட்டும் போதாது. (மரியாதைக்காகத் துறைத் தலைவர் பெயரைச் சேர்க்கும் நம் பழக்கம் இங்கே அடிபடுகிறது.) ஒரு தாளில் இடப்பக்கம் பெயர்களும் மேலே ‘திட்டம், களப்பணி, பகுப்பாய்வு, முதல் வரைவு, திருத்தம்’ எனப் பணிகளும் எழுதிக் கட்டம் போடுங்கள். களப்பணிக் கட்டத்தில் ஆய்வு மாணவரின் பெயருக்கு நேராக மட்டும் குறி விழுந்து, வரைவு, திருத்தக் கட்டங்களில் அவருக்கு இடமே இல்லையென்றால், அவரையும் எழுத அழையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாளைத் திருத்தி, எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

படி 4: மூலத் தரவுக் கோப்பில் யாரும் கைவைக்கக் கூடாது; படியெடுத்து, தேதியும் பதிப்பு எண்ணும் இட்டு, அதில்தான் வேலை செய்ய வேண்டும்.

படி 5: மறுப்புக்கு இடம் வையுங்கள். 2010 செப்டம்பரில் லைகோ தரவில் ஒரு சிறு குழு, மற்றவர்களின் ஆய்வுமுறையைச் சோதிப்பதற்காகப் போலிச் சமிக்ஞையை இரகசியமாகச் செலுத்தியது. மற்றவர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்து கட்டுரையையே எழுதி முடித்தபின், 2011 மார்ச்சில், இரகசியத்தை மூடிவைத்திருந்த உறையைப் பிரித்து உண்மையை அறிவித்தார்கள். சிறு குழுவில் அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு முடிவையும் தவறென்று வாதிட ஒருவரை நியமித்து, கூட்டத்தில் இளையவர்களை முதலில் பேசவிடுங்கள். நெறியாளர் வாய்திறந்த பிறகு மாணவர் எதிர்த்துப் பேசுவது அரிது.

படி 6: விலகுபவர் கோப்புகளையும் கடவுச்சொற்களையும் யாரிடம் ஒப்படைப்பார், அதுவரை செய்த பணிக்கு எந்தக் கட்டுரையில் அவர் பெயர் வரும் என்பதையும் படி 3-இல் கட்டம் போட்ட தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.