முகப்புப் பக்கம் மாறுவதற்கு முன்

மேட்டூர் அணையின் நீர்மட்டம், மன்னார்குடி வானிலை, நெல் கொள்முதல் செய்திகள் எனப் பார்த்துப் பார்த்து அடுக்கிய முகப்புப் பக்கம் ஒருநாள் காலையில் வேறு முகத்தோடு வந்து நிற்குமோ என்ற கவலை வீண் கவலை அன்று. விருப்பப்படி அடுக்கிக்கொள்ளும் முகப்புப் பக்கமாகக் கூகுள் 2005இல் தொடங்கிய ஐகூகுள், 2013 நவம்பர் 1 அன்று ஒரேயடியாக மூடப்பட்டது.

அமைப்புகள் பகுதியில் ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செய்தியோடைகளின், அதாவது தளங்களின் புதுச் செய்திகளைத் தானாகக் கொண்டுவரும் இணைப்புகளின், பட்டியலை ஓபிஎம்எல் (OPML) என்ற வகைக் கோப்பாக இறக்கிக்கொண்டால் வேறொரு சேவையில் அதை ஏற்றிவிடலாம்; உலாவியின் புத்தகக்குறிகளை எச்டிஎம்எல் கோப்பாகச் சேமிக்கலாம்.

பக்கத்தைத் திரைப்பிடிப்பும் எடுத்து வையுங்கள். என் பக்கத்தில் இடது மூலையில் நீர்மட்டம், அதன் கீழே வானிலை; வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகும். அந்த இட ஒழுங்கை ஏற்றுமதிக் கோப்பு பெரும்பாலும் காப்பாற்றித் தராது என்பதால், மீண்டும் அடுக்கும்போது படம்தான் துணை.

'பழைய தோற்றம்' என்ற பொத்தான் தென்பட்டால் பயன்படுத்துங்கள்; ஆனால் அது பெரும்பாலும் தற்காலிக ஏற்பாடே. கருத்துப் பெட்டியில் 'பிடிக்கவில்லை' என்று மட்டும் எழுதாமல், முன்பு ஒரே பார்வையில் தெரிந்த நீர்மட்டத்துக்கு இப்போது எத்தனை முறை சொடுக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள்.