பழைய ஜுக்பொக்ஸ் அம்ப்ளிபயர்ல இரைச்சலா? எங்கயிருந்து வருதெண்டு நீங்களே கண்டுபிடிக்கலாம்

காசு போட்டா ரெக்கோட் பாடுற பழைய ஜுக்பொக்ஸ் பெட்டி ஒண்டு, வுர்லிட்சரோ சீபர்க்கோ ரொக்-ஓலாவோ, கைக்கு வந்திருக்கு, கரண்ட் குடுத்தா லைட் எரியுது, பாட்டும் வருது, ஆனா பாட்டுக்குப் பின்னால 'ம்ம்ம்' எண்டு ஒரு இரைச்சல் விடாம நிக்குது. ஆரிட்டக் கேட்டாலும் "கபாசிட்டர் எல்லாத்தையும் மாத்துங்கோ" எண்டுதான் சொல்லுவினம். எனக்கு அதில உடன்பாடில்லை. சிலதை மாத்தத்தான் வேணும், ஆனா எந்த இடத்தில இரைச்சல் பிறக்குதெண்டு தெரியாம சோல்டரிங் அயனைத் தூக்கினா இரைச்சலும் போகாது, இவ்வளவு காலம் ஒழுங்கா இருந்த வயரிங்கும் குழம்பிப்போகும்.

தொட முதல்

இது வால்வ் (கண்ணாடிக் குழாய்) அம்ப்ளிபயர். உள்ளுக்க 300, 400 வொல்ட் டிசி நிக்கும், பிளக்கைக் கழட்டினாப் பிறகும் டிசியைச் சீராக்கிற பெரிய பில்டர் கபாசிட்டருக்குள்ள அது அப்பிடியே இருக்கும், ஆளைக் கொல்லக்கூடிய அளவு. 10 கிலோ ஓம் 10 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒண்டை இன்சுலேட் பண்ணின க்ளிப் ரெண்டில கட்டி, கபாசிட்டர் பொசிட்டிவுக்கும் சசிக்கும் (அம்ப்ளிபயரின்ர உலோகத் தட்டு) நடுவில கொஞ்ச நேரம் வைச்சிருங்கோ. பிறகு மீட்டரால அளந்து பூச்சியத்துக்குக் கிட்ட வந்தா மட்டும் கை வையுங்கோ. ஸ்பீக்கர் கொழுவாம ஒன் பண்ணவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போயிடும், அதைத் தேடிப்பிடிக்கிறது லேசில்லை.

கரண்ட் எப்பிடி வருது?

அமெரிக்காவில செய்த பெட்டி எண்டா அது 117 வொல்ட் 60 ஹேர்ட்ஸுக்கு. இங்க இலங்கையில எங்கட வீட்டுக் கரண்ட் 230 வொல்ட் 50 ஹேர்ட்ஸ். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போட்டிருப்பீங்கள், ஆனா கடையில விக்கிறதில கனக்க ஓட்டோ ட்ரான்ஸ்போமர், அது வொல்டேஜைக் குறைக்குமே தவிர மெயின்ஸில இருந்து பிரிக்காது. பழைய அம்ப்ளிபயர் சிலதில மெயின்ஸ் வயரில இருந்து சசிக்கு நேரா ஒரு கபாசிட்டரும் போட்டிருப்பினம், அது லீக் ஆனா சசியைத் தொட்டவருக்கு ஷொக், ஸ்பீக்கர்ல இரைச்சல். அதை வெட்டி எடுத்திடுங்கோ. வொல்டேஜைக் குறைக்கிறதோட மெயின்ஸில இருந்து பிரிக்கவும் செய்யிற ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் வாங்கி, மூண்டு பின் பிளக் போட்டு, சசிக்கு எர்த் குடுங்கோ.

இன்னொண்டு, 60 ஹேர்ட்ஸுக்குச் சுத்தின ட்ரான்ஸ்போமர் 50 ஹேர்ட்ஸில ஓடேக்க கூடச் சூடாகும், இரும்பே உறுமும். ஸ்பீக்கரைக் காதால கேளுங்கோ, பிறகு ட்ரான்ஸ்போமர் பக்கம் காதைக் கொண்டுபோங்கோ. உறுமல் இரும்பில இருந்து மட்டும் வருதெண்டா உள்ளுக்க எந்தப் பார்ட்ஸை மாத்தியும் பிரயோசனமில்லை. 117க்குப் பதிலா 105, 110 வொல்ட் அளவில குடுத்தா குறையும், வால்வைச் சூடாக்கிற ஹீட்டர் கம்பியில 6.3 வொல்ட்டுக்குக் கிட்ட வருதோ எண்டு மட்டும் அளந்து பாருங்கோ.

இப்ப வொல்யூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாங்கோ

இதுதான் முக்கியமான சோதனை. வொல்யூமைக் குறைச்சும் இரைச்சல் அப்பிடியே நிண்டா பிழை வொல்யூம் கொன்ட்ரோலுக்குப் பிறகு, அதாவது பவர் சப்ளை, அவுட்புட் பக்கம். கூட்டக் குறைக்க இரைச்சலும் கூடிக் குறைஞ்சா பிழை அதுக்கு முன்னால, ப்ரீஅம்ப் (சிக்னலை முதல்ல பெருக்கிற பகுதி), பிக்கப் (ரெக்கோட்டில ஓடுற ஊசித் தலை) வயர். பாதி அம்ப்ளிபயரை மறந்திடலாம்.

பிறகு இரைச்சலின்ர சுருதி. போன்ல ஸ்பெக்ட்ரம் பார்க்கிற அப் ஒண்டைப் போட்டு ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடியுங்கோ. 100 ஹேர்ட்ஸில முள் எழும்பினா பில்டர் கபாசிட்டர் காஞ்சுபோச்செண்டு சந்தேகப்படலாம். 50 எண்டா எர்த், ஷீல்ட் வயர், ஹீட்டர் வயரிங். அமெரிக்கன் சேர்விஸ் மனுவலில 120, 60 எண்டு கிடக்கும், அது அவையின்ர கரண்டுக்கு, பார்த்துக் குழம்பாதேங்கோ.

பில்டர் கபாசிட்டர் மாத்தேக்க பழசுக்கு மேலயே புதுசைச் சமாந்தரமாப் போடுறதெல்லாம் சரிவராது, பழசைக் கழட்டோணும். 20 மைக்ரோபரட் எண்டா 22 போடுங்கோ, வொல்டேஜ் 450க்குக் குறையக் கூடாது, பொசிட்டிவ் நெகட்டிவ் மாறக் கூடாது. பெரிசு நல்லதெண்டு முதலாவது கபாசிட்டருக்கு 100 போட்டீங்களெண்டா ஏசியை டிசியாக்கிற ரெக்டிபயர் வால்வ் தாங்காது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில கேட்டுப் பாருங்கோ, 450 வொல்ட் கிடைக்கும், ஆனா கனகாலம் கிடந்த ஸ்டொக்கா எண்டு பார்த்து வாங்குங்கோ.

கரகரப்பும் சீறலும்

கொழும்பில இதுக்குத்தான் கூட வேலை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில உப்புக் காத்து எல்லாத்துக்குள்ளயும் போகும். வால்வை மெதுவா ஆட்டிக் கழட்டி சொக்கெட்டை டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, பின் பிடிக்கிற அந்தச் சின்ன வாய் கறுத்தோ பச்சை பிடிச்சோ கிடக்கும், சிலது விரிஞ்சு வால்வ் பின்னைத் தொடாமலே நிக்கும். கொன்டக்ட் கிளீனர் அடிச்சு, வால்வை நாலைஞ்சு தரம் போட்டுக் கழட்டி, விரிஞ்சதை ஊசியால நெருக்கி விடுங்கோ. வொல்யூமைத் திருப்பேக்க மட்டும் கரகர எண்டா கொன்ட்ரோலுக்குள்ளயும் அடிச்சுத் திருப்புங்கோ. கன இரைச்சல் இதோடயே அடங்கிடும், ஒரு பார்ட்ஸும் வாங்கத் தேவையில்லை.

அடங்காட்டி, அம்ப்ளிபயரை ஒன் பண்ணி ஒரு காஞ்ச மூங்கில் குச்சியால, மற்றக் கையைப் பின்னால வைச்சுக்கொண்டு, ஒவ்வொரு வால்வையும் மெதுவாத் தட்டுங்கோ. தட்ட பலமா 'ணங்' எண்டு ஸ்பீக்கர்ல கேட்டா அந்த வால்வ் சரியில்லை. ரெசிஸ்டரைத் தட்ட கரகர எண்டா அதையோ அதின்ர சோல்டரையோ பாருங்கோ. 'ஸ்ஸ்ஸ்' எண்டு விடாம வாற சீறலுக்கு ப்ரீஅம்ப் வால்வின்ர பிளேட்டுக்கு (டிசி வாற பின்) போற 100 கிலோ, 220 கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டர்தான் வழமையா காரணம், மெட்டல் பில்ம் போடுங்கோ.

தட்டியும் பிடிபடாட்டி ஓப் பண்ணி, பிக்கப் பக்கத்து முதல் வால்வைக் கழட்டி, திரும்ப ஒன் பண்ணிக் கேளுங்கோ. இரைச்சல் நிண்டா பிழை அந்த வால்விலயோ அதுக்கு முன்னாலயோ. நிக்காட்டி அடுத்த வால்வ். ஹீட்டர் சமாந்தரமா வயர் பண்ணியிருந்தாத்தான் இப்பிடிச் செய்யலாம், சேர்க்கிட் படத்தில பாருங்கோ.

மெழுகு பூசின பேப்பர் கபாசிட்டர், அந்த மண்ணிறக் குழாய், அதை மட்டும் நான் பார்க்காமலே மாத்தச் சொல்லுவன். அது லீக் ஆனா அவுட்புட் வால்வின்ர கிரிட்டில (சிக்னல் வாற பின்) பொசிட்டிவ் வொல்டேஜ் ஏறி வால்வ் சிவந்துபோகும். 630 வொல்ட் பில்ம் கபாசிட்டர் போதும்.

எல்லாம் முடிஞ்சு இரைச்சல் நிண்டாப் பிறகு பாட்டு இழுத்து இழுத்துக் கேட்டா அம்ப்ளிபயரைத் திரும்பத் திறக்காதேங்கோ. 60 ஹேர்ட்ஸ் மோட்டர் 50இல ஓடினா 45 சுத்துற ரெக்கோட் 37.5 தான் சுத்தும். அதுக்கு 50 ஹேர்ட்ஸ் புல்லி தேடோணும்.