மழைக்குப் பிறகு ஏரி எத்தனை நாளில் தெளிகிறது? நீங்களே அளக்கலாம்

பெருமழைக்கு மறுநாள் ஏரிக்கரையில் நின்றால் தண்ணீர் டீ நிறத்தில் கிடக்கும். "புதுத்தண்ணி வந்திருச்சு" என்று ஊரே சந்தோஷப்படும். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த நிறம் மேட்டில் இருக்கும் யாரோ ஒருவருடைய நிலத்து மேல்மண் என்பதும் கூடவே மனதில் உறுத்தும். தண்ணீர் எவ்வளவு கலங்கியது, எத்தனை நாளில் தெளிந்தது என்று கணக்கு வைக்க ஒரு வாளி மூடியும் கயிறும் போதும்.

வட்டு செய்வது

1865-ல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் சோதித்த முறை இது. அதனால் 'செக்கி வட்டு' என்று பெயர்.

பழைய பெயிண்ட் வாளி மூடியில் 20 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் வெட்டுங்கள். நான்கு கால் பாகமாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடியுங்கள். பளபளக்காத பெயிண்ட் நல்லது. நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து, அடியில் கனமான இரும்பு கட்டுங்கள். வட்டு சாயாமல் இறங்க வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். கயிற்றை நனைத்துவிட்டு, வட்டின் மேற்பரப்பிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு குறி போடுங்கள்.

அளப்பது

காலை 10 மணிக்கு மேல், பிற்பகல் 2 மணிக்குள். படகின் நிழல் விழும் பக்கம் உட்கார்ந்து, கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு வட்டை மெதுவாக இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். இன்னும் கொஞ்சம் இறக்கி, மேலே இழுங்கள். மறுபடி தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் அன்றைய அளவு. வட்டு தரைதட்டியும் தெரிந்தால், 'தரை வரை தெரிகிறது' என்று எழுதினால் போதும்.

உயிர்காக்கும் சட்டை இல்லாமல் படகேற வேண்டாம். இடி மின்னல் இருந்தாலோ, ஏரி நிரம்பி உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்து ஓடினாலோ அன்றைக்கு அளக்கவே வேண்டாம்.

எங்கே, எப்போது

ஒரு நாள் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மழைக்கு முன் ஒரு தடவை, மழை விட்டதும் ஒரு தடவை, அப்புறம் பழைய ஆழம் திரும்பும் வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் சேரும் இடம், ஏரியின் நடு என்று இரண்டு இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

விடாமல் அளந்தால் என்ன தெரியும் என்பதற்கு அமெரிக்காவின் டாஹோ ஏரி சாட்சி. 1968-ல் அங்கே வட்டு மறையும் ஆழம் ஆண்டுச் சராசரியாக சுமார் 31 மீட்டர். 2017-ல் 18 மீட்டராக இறங்கியது. பல வருட வறட்சிக்குப் பின் வந்த கனத்த மழையும் பனியும் மலைச்சரிவின் நுண்மண்ணை மொத்தமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தன. அடுத்த வருடம் 21 மீட்டருக்கு மேல் மீண்டது.

பாட்டில் சோதனை

படகு இல்லையா? கரையோரத் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். மணல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் விழும். வண்டல் சில மணி நேரத்தில் இறங்கும். களிமண் மறுநாளும் மிதக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள களித்துகள், அசையாத தண்ணீரிலேயே ஒரு மீட்டர் இறங்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும். காற்றடித்தால் இன்னும் தாமதம். குடத்தின் உள்ளே தேற்றாங்கொட்டையை உரசி நம் வீடுகளில் தெளிய வைத்தது இந்தத் துகள்களைத்தான்.

பழுப்பு போய்ப் பச்சை வந்தால் அது மண் அல்ல, பாசி. மண்ணோடு வந்த உரச்சத்தில் வளர்ந்தது. ஆழத்தோடு நிறத்தையும் எழுதிவையுங்கள்.

வரத்துக்கால் பக்கம் மட்டும் நாள் கணக்கில் தெளியாமல் இருந்தால், அடுத்த மழை விட்டதும் கால்வாயோடு மேலே நடங்கள். கிளை வாய்க்கால் சேரும் ஒவ்வொரு இடத்திலும், சேர்வதற்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் பிடியுங்கள். எங்கே நிறம் சட்டென்று கூடுகிறதோ, அந்தக் கிளையின் மேட்டில்தான் மண் அரிக்கிறது.