சால்மன் செவுளில் ஜீன் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை போடுங்கள், குழாயில் எண் எழுதுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க ஆய்வுக்கூடத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். நான் விழுந்த அதே குழியில் புதியவர்களும் வரிசையாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வலை போட்ட வரிசை

என் முதல் பெரிய சோதனை எளிமையானது. சில தொட்டிகளில் அட்லாண்டிக் சால்மன் 12 டிகிரி நீரில் (ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கன்ட்ரோல் இதுதான்), மற்றவற்றில் 18 டிகிரியில். சூடு ஏறினால் நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். மீனின் தேவையோ கூடும். அந்த நெருக்கடியில் செவுள் எந்த ஜீன்களை முடுக்குகிறது என்பதுதான் கேள்வி.

சாம்பிள் எடுக்கும் நாளில் காலையில் கன்ட்ரோல் தொட்டிகளை முடித்தோம். சூட்டுத் தொட்டிகளுக்கு வரும்போது பிற்பகல். மீன்களை ஒவ்வொன்றாக வலைவிட்டுப் பிடித்தோம். ஒரு தொட்டியின் கடைசி மீன் கைக்கு வருவதற்குள் அது முக்கால் மணி நேரம் வலைக்குத் தப்பி ஓடியிருக்கும்.

முடிவைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். சூட்டில் புரதங்களைக் காக்கும் ஹெச்எஸ்பி70 ஜீன் கூடியிருந்தது, அதிர்ச்சி பட்டதும் முதலில் விழிக்கும் ஃபாஸ் ஜீன் எகிறியிருந்தது. கூட இருந்த ஒருவர், "பிடித்த வரிசைப்படி புள்ளிகளை அடுக்கிப் பார்" என்றார். அடுக்கினேன். கன்ட்ரோல் தொட்டியிலும் சரி, சூட்டுத் தொட்டியிலும் சரி, எத்தனையாவது மீன் என்பதைப் பொறுத்து ஃபாஸ் ஏறிக்கொண்டே போனது. வாரக்கணக்கில் நீரைச் சூடாக்கிவிட்டு, கடைசியில் வலையைத்தான் அளந்திருந்தேன்.

துரத்தப்படும் மீனின் இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே கார்டிசால் ஏறத் தொடங்கிவிடும். ஃபாஸ் போன்ற அவசர ஜீன்கள் அரை மணிக்குள் எகிறிவிடும். ஹெச்எஸ்பி70 கதை இன்னும் மோசம். கன்ட்ரோல் எல்லாம் காலை, சூடு எல்லாம் பிற்பகல் என்று ஆகிவிட்டதால், கூடியது வெப்பத்தாலா பொழுதாலா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. இதில் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது ஒன்று உண்டு. ஜீன் வேலை செய்யும்போது உருவாகும் நகல்தான் ஆர்என்ஏ, நாம் அளப்பது அதைத்தான். அது சிதையாமல் இருக்கிறதா என்று பத்துக்கு மார்க் போடும் ஆர்என்ஏ தர எண் அத்தனை சாம்பிளிலும் 9-க்கு மேல்! மீன் உயிரோடு இருந்தபோது நாம் என்ன செய்தோம் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

இப்போது தொட்டிகளின் வரிசையைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறேன். ஒரு தொட்டியில் வேண்டிய மீன்களை ஒரே வீச்சில் அள்ளி, நேரே மிகை அளவு மயக்கமருந்தில் விட்டுவிடுவேன். ஒவ்வொரு மீனையும் அறுத்த நேரத்தைக் குறித்துக்கொள்வேன். அப்புறம், ஒரு தொட்டியில் 20 மீன் எடுத்தாலும் கணக்கில் அது ஒரு தொட்டிதான்.

மயக்கமருந்து

ட்ரைக்கெய்ன் மென்னீரை அமிலமாக்கும். சோடியம் பைகார்பனேட் போட்டுச் சரிசெய்யாவிட்டால் அந்த அமிலம் முதலில் படுவது செவுளில்தான்.

ஜீன் குறைந்ததா, செல் குறைந்ததா

அமீபா செவுள் நோயில் மேல்தோல் செல்கள் பெருகி, மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தத் துண்டை அரைத்துப் பார்த்தால் உப்பை வெளியேற்றும் ஜீன்கள் குறைந்ததாகத் தெரியும். உடனே "ஜீன் அடங்கிவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் செல்கள் அப்படியே இருந்து, சுற்றிலும் மற்ற செல்கள் பெருகியிருந்தாலும் இதே எண்தான் வரும். இடப்பக்க இரண்டாம் செவுள் வளைவை ஆர்என்ஏவுக்கு எடுத்தால், வலப்பக்க இரண்டாம் வளைவு ஃபார்மலினுக்குப் போகட்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் பிறகு எழுதலாம்.

இரத்தம்

மீனின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, ஆர்என்ஏவும் உண்டு. செவுளிலோ இரத்தத்துக்குக் குறைவில்லை. வடிப்பதென்றால் எல்லா மீனுக்கும் வடியுங்கள். பாதிக்கு வடித்துப் பாதியை விட்டால் ஹீமோகுளோபின் ஜீன்கள் கண்டபடி ஆடும்.

இரட்டைப் பிரதிகள்

சால்மன் குடும்பத்தின் மூதாதை ஒன்றில், ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகளுக்கு முன், மரபணுத் தொகுதி முழுவதுமே இரட்டிப்பானது. அதனால் பல ஜீன்களுக்கு இன்றும் ஜோடி உண்டு. பிரைமர், அதாவது அளக்க வேண்டிய ஜீனைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு, எதைப் பிடிக்கிறது என்று பார்க்காமல் இறங்காதீர்கள். செவுளில் உப்பைக் கையாள உதவும் சோடியம் பொட்டாசியம் பம்பிலும் நன்னீருக்கு ஆல்ஃபா 1ஏ, கடல்நீருக்கு ஆல்ஃபா 1பி என்று தனித்தனி வடிவங்கள். குஞ்சு கடலுக்குத் தயாராகும்போது ஒன்று இறங்கும், மற்றது ஏறும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பிரைமர் போட்டால் அந்த மாற்றமே கண்ணில் படாமல் போகலாம்.

ஒப்பீட்டு ஜீன்

மற்ற ஜீன்களின் ஏற்ற இறக்கத்தை அளக்க, தான் மாறாமல் நிற்கும் ஒரு ஜீன் வேண்டும். எல்லாரும் போடுகிறார்கள் என்று அதற்கு ஆக்டின் ஜீனைப் போடாதீர்கள். உங்கள் சோதனையில் அது அசையாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

துண்டின் தடிமன்

ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் ஆர்என்ஏ லேட்டர் திரவத்தில் போடுவதென்றால் அரை சென்டிமீட்டருக்குள்.